கிறிஸ்துமஸ் அரிசியும் ஐந்து வட்டிக் கடனும்

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் கடற்கரையோரச் சேகரம் (ஒரே குருவானவரின் கீழ் வரும் சபைகளின் தொகுதி) ஒன்றுக்கு நான் பொருளாளர். சபையில் பாதிப் பேர் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் 62 குடும்பங்களுக்குப் பத்து கிலோ அரிசி, சேலை, மளிகை என்று ஆளுக்கு 2,000 ரூபாய்க்குக் கொடுக்கிறோம். பதினோரு வருடமாக ஏறக்குறைய அதே குடும்பங்கள்தான். 35-ல் தொடங்கிய பட்டியல் 62 ஆகியிருக்கிறது. போன வருடம் பெயர் வாசித்தபோது ஒரு விதவைத் தாய் மேடைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஆராதனைக்கும் வருவதில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் விசாரித்ததில், கணவருடைய ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய 40,000 ரூபாய்க்கு இரண்டு வருடமாக ஐந்து வட்டி கட்டுகிறார், தண்டல் வேறு என்று தெரிந்தது. கமிட்டியில் பேசினேன். மூத்த பெரியவர் ஒருவர், 'தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள் என்று ஆண்டவரே சொல்லிவிட்டார், நாம் என்ன செய்ய முடியும்' என்றார். வாலிபர் ஒருவர், 'குடியும் கீழ்ப்படியாமையும்தான் காரணம், ஆசீர்வாதம் தடைபட்டிருக்கிறது' என்றார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மீந்த 90,000 ரூபாய் கையிருப்பில் இருக்கிறது. இதை எப்படிச் செலவிடுவது? அரிசி கொடுப்பதை நிறுத்திவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

பெரியவர் சொன்ன வசனத்திலிருந்தே தொடங்கலாம். உங்கள் கேள்விக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது. மாற்கு 14:7 அந்த இடத்தில் முடிவதில்லை. 'உங்களுக்கு மனதுண்டாகும்போதெல்லாம் நீங்கள் அவர்களுக்கு நன்மைசெய்யலாம்' என்று தொடர்கிறது. இயேசு அங்கே உபாகமம் 15:11-ஐ நினைவூட்டுகிறார். தேசத்தில் எளியவர்கள் இல்லாமற்போவதில்லை, ஆகவே உன் சகோதரனுக்குக் கையைத் தாராளமாய்த் திற என்ற கட்டளை அது. கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்கு அது பழக்கமான அதிகாரம். அது எதைப் பற்றிய அதிகாரம் என்று பெரியவரோடு உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். ஏழு வருடத்துக்கு ஒருமுறை கடனை விடுதலை செய்யச் சொல்லும் அதிகாரம் அது. நான்காம் வசனம், உங்களுக்குள் எளியவன் இருக்கக் கூடாது என்பதையே நோக்கமாக வைக்கிறது. ஒன்பதாம் வசனம், விடுதலை வருடம் நெருங்குகிறது, கொடுத்தால் திரும்பாது என்று கணக்குப் பார்த்துக் கையை மூடிக்கொள்ளாதே என்று எச்சரிக்கிறது. ஏழைகள் இருக்கத்தான் செய்வார்கள், விட்டுவிடுங்கள் என்று சொல்ல அந்த வசனத்தைப் பயன்படுத்தினால் அதன் பொருள் தலைகீழாகிவிடும்.

இப்போது அந்தத் தாயின் கணக்கைப் பாருங்கள். 40,000 ரூபாய்க்கு ஐந்து வட்டி என்றால் மாதம் 2,000. இரண்டு வருடத்தில் 48,000 கட்டியாகிவிட்டது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. சபை வருடத்துக்கு ஒருமுறை மேடையில் ஏற்றிக் கொடுப்பதும் 2,000 ரூபாய் மதிப்புள்ள பொருள்தான், அதாவது அவருடைய ஒரு மாத வட்டி. சபை உள்ளன்போடு கொடுத்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வருடத்தில் 24,000 ரூபாய் வெளியே போகும் ஓட்டையை யாரும் பார்க்கவில்லை. பதினோரு வருடமாகப் பெயர்கள் மாறாததற்கும் பட்டியல் நீண்டதற்கும் காரணம் அநேகமாக இதுதான்.

தண்டலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வழக்கமான பத்தாயிரம் தண்டலில் 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பதினைந்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், அந்த நூறு நாளில் சராசரியாகக் கையில் நின்ற பணம் 4,250-தான். அதற்கு 1,500 கொடுத்தால், வருடக் கணக்கில் 129 சதவீதம் ஆகிறது. வேலை இல்லாத நாளிலும் அந்த நூறு ரூபாயைக் கட்டியாக வேண்டும். அதற்காக இன்னொரு தண்டல். நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில் நூற்றுக்கொன்று வீதம் 'தண்டிவருகிற' வட்டியைத் திரும்பக் கொடுத்துவிடச் சொல்லும் இடத்தில் நம் மொழிபெயர்ப்பு பயன்படுத்தும் சொல்லும் இதே வேர்தான். பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் வீட்டையும் அடமானம் வைத்தவர்களின் கூக்குரல் அந்த அதிகாரம். வட்டி வாங்கியவர்கள் அந்நியர் அல்ல, சொந்தச் சகோதரர்கள். நெகேமியா சபையைக் கூட்டி அதைச் சொன்னார். தானும் கடன் கொடுத்தவன் என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

வாலிபருக்கு ஒரு வார்த்தை. குடி உண்மையான அழிவு, அதை மறுக்க வேண்டாம். குடிக்கிறவர் இருக்கும் வீட்டில் பணத்தை மனைவியின் கணக்கிலோ பள்ளிக் கட்டணமாகவோ நேராகச் செலுத்துங்கள். ஆனால் குடியே இல்லாத இந்தத் தாயின் வீட்டுக்கு அவருடைய விளக்கம் பொருந்தவில்லையே. 'இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ' என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். சாபம், தடைபட்ட ஆசீர்வாதம் என்று பிரசங்க பீடத்திலிருந்து கேட்கும் கடனாளி, தன் கடனோடு வெட்கத்தையும் சுமந்து வீட்டிலேயே இருந்துவிடுவார். வேதாகமம் வறுமையைப் பேசும் இடங்களில் கடன், நிலம், கூலி ஆகிய மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன. கூலியை அன்று பொழுது சாயுமுன் கொடு என்கிறது உபாகமம் 24. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு நிருபம். உங்கள் கமிட்டியில் உப்பளம் குத்தகைக்கு எடுத்தவர்கள் இருந்தால், கூலியை வாரந்தோறும் தவறாமல் கொடுப்பதே அவர்கள் செய்யக்கூடிய பெரிய தர்மம். கூலி பதினைந்து நாள் இழுத்தால் அந்த இடைவெளியில்தான் தண்டல்காரர் நுழைகிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்கு 1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி கிடையாது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் உதவித்தொகை சில வேளைகளில் உங்கள் சபைப் பிள்ளைக்குக் கிடைக்காது. உங்கள் பட்டியலில் இருப்பவர்களில் எத்தனை குடும்பங்கள் இப்படி என்று கமிட்டி ஒருமுறை பார்க்கட்டும்.

அரிசியை நிறுத்தலாமா என்றால், இந்த டிசம்பரில் நிறுத்தாதீர்கள். எதிர்பார்த்திருப்பவர்களுக்கு முன்னறிவிப்பில்லாமல் கையை விரிப்பது கொடுமை. ஆனால் மேடையையும் பெயர் வாசிப்பையும் போட்டோவையும் இந்த ஆண்டே விட்டுவிடுங்கள். கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும் என்று உபாகமம் 24 சொல்கிறது. ஏழையின் வாசலுக்கே அவ்வளவு மரியாதை தரும் வேதம் அது. ஊரில் நம்பிக்கையான மளிகைக் கடையில் கணக்கு வைத்து, ஆளுக்கு ஒரு சீட்டு கொடுங்கள். வேண்டியதை வேண்டிய நாளில் வாங்கட்டும், கடைக்காரர் மாதக் கடைசியில் பில்லைச் சேகரத்துக்கு அனுப்பட்டும். ரேஷனில் அரிசி கிடைக்கிறது. அவர்களுக்குப் பற்றாமல் போவது பருப்பும் எண்ணெயும் மருந்தும்.

மாதத்தையும் மாற்ற வேண்டும். உப்பளத்தில் மழை தொடங்கும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேலை கிடையாது. கடன் வாங்குவது அக்டோபரிலும் நவம்பரிலும். டிசம்பர் 20-ஆம் தேதி வரும் அரிசி, கடன் வாங்கி முடித்த பிறகு வருகிறது. அடுத்த வருடம் முதல், எந்த உதவியானாலும் அக்டோபர் முதல் வாரத்துக்குள் போய்ச் சேரட்டும். உப்பளத் தொழிலாளருக்கு அரசு தரும் மழைக்கால நிவாரணத்துக்கு யார் யார் பெயர் பதிவாகவில்லை என்பதை ஆகஸ்டிலேயே பார்த்துவிடுங்கள்.

பட்டியலை அடுத்த ஆண்டுக்குள் இரண்டாகப் பிரிக்க வேண்டும். தனித்திருக்கும் முதியோர், படுக்கையில் இருப்பவர், வேலை செய்ய முடியாத மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருடத்தில் ஒரு நாள் உதவி போதாது, மாதந்தோறும் வேண்டும். இப்படிப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள் என்று வைத்தால், மாதம் 500 வீதம் வருடத்துக்கு 72,000. இது உயிரோடிருக்கும் வரை தொடர வேண்டிய கடமை. 'இவர்கள் முன்னேறவில்லையே' என்று யாரும் கேட்கக் கூடாது. வேலை செய்யும் உடல் இருந்தும் கடனில் அமிழ்ந்திருக்கும் குடும்பங்கள் இரண்டாவது பகுதி. அவர்களுக்கு அரிசி மூட்டையைவிடக் கடன் மாற்றம் உதவும். நடுவில் சிலர் மிஞ்சுவார்கள், இப்போது உண்மையில் தேவையில்லாதவர்கள். அவர்கள் மனம் கோணாமலிருக்க, எல்லோரும் சேர்ந்து ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடும் அசனத்தைக் கிறிஸ்துமஸுக்கும் வையுங்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு ஐயா ஒரே உலையைத் திருவிருந்தின் பொருளாகவே பேசியவர். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பந்தியில் உட்காரும் அந்த ஒரு நாள், சேலையைவிட அதிகமாகப் பேசும்.

இனி அந்தத் தாய். முதலில் யார் போகிறார்கள் என்பது முக்கியம். இரண்டு பேர் போதும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கமிட்டியாக ஐந்து பேர் போனால் விசாரணை போல ஆகிவிடும். எலிசாவிடம் வந்த விதவையிடம் (இராஜாக்கள் இரண்டாம் புத்தகம் 4) தீர்க்கதரிசி கேட்ட கேள்விகள் இரண்டே: நான் உனக்கு என்ன செய்ய வேண்டும், உன் வீட்டில் என்ன இருக்கிறது. அவள் பிள்ளைகளைப் பிடிக்கக் கடன்காரன் வந்திருந்தான். எண்ணெய் பெருகியது கதவைப் பூட்டிக்கொண்ட பிறகு, ஊர் பார்க்காமல். பிறகு அவர் சொன்ன ஒழுங்கைக் கவனியுங்கள்: எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மீந்ததைக் கொண்டு ஜீவனம்பண்ணு. கடன் முதலில் வருகிறது. இதை மறந்து தையல் மெஷினும் ஆட்டுக்குட்டியும் வாங்கிக் கொடுக்கும் சபைகள் ஏராளம். வட்டி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் எந்தச் சொத்து நுழைந்தாலும் ஆறு மாதத்தில் அது கடன்காரரிடம் போய்விடும். பிறகு 'கொடுத்தும் முன்னேறவில்லை' என்ற பேச்சு வரும்.

போய் உட்கார்ந்ததும் நோட்டை எடுக்காதீர்கள். முதல் முறை குடும்பத்தைப் பற்றிக் கேளுங்கள், ஜெபித்துவிட்டு வாருங்கள். இரண்டாம் முறை கணக்கைக் கேளுங்கள். போன மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது, எவ்வளவு வந்தது, யார் யாருக்குக் கட்ட வேண்டும், எந்தத் தேதியில். தண்டல் அட்டை இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்ளங்கை அளவு அட்டையில் கட்டங்கள் போட்டிருக்கும். கட்டிய நாள்களில் கிறுக்கல் கையெழுத்து இருக்கும். மழை நாள்களில் கட்டம் வெறுமையாக இருந்தால், அந்த வாரத்துக்கு வேறு யாரிடமோ வாங்கியிருக்கிறார் என்று பொருள். மூன்றாவது கடன் அநேகமாக அங்கேதான் ஒளிந்திருக்கும். அவராகச் சொல்லும் வரை காத்திருங்கள். முழுக் கடனும் வெளியே வராமல் ஒரு கடனை மட்டும் அடைத்தால் மீதி இரண்டும் விழுங்கிவிடும்.

உதாரணமாகத் தண்டலில் இன்னும் அறுபது நாள் பாக்கி என்று வைப்போம், 6,000. வட்டிக்கடன் 40,000. மொத்தம் 46,000. நாளுக்கு 450 கூலியில் இருபது நாள் வேலை என்றால் மாதம் 9,000. அதில் வட்டியும் தண்டலுமாக 5,000 போகிறது. சேகரம் 46,000-ஐ அடைத்துவிட்டு, மாதம் 2,000 வீதம் வட்டியில்லாமல் திரும்பப் பெறலாம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை மட்டும் கட்டட்டும், மழை மூன்று மாதமும் தவணை வேண்டாம். வருடத்துக்கு 18,000. மூன்றாவது உப்புப் பருவத்தின் ஐந்தாம் மாதத்தில் கடன் தீரும். முதல் நாளிலிருந்தே மாதம் 3,000 ரூபாய் வீட்டில் தங்கும். எளியவனுக்குக் கடன் கொடுத்தால் வட்டி சுமத்தாதே என்ற யாத்திராகமம் 22-ஐ ஒரு சேகரம் எழுத்துப்படியே கைக்கொள்வது இப்படித்தான்.

பணத்தை அவர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். அவரும் கமிட்டியில் ஒருவரும் ஊரில் மதிப்புள்ள ஒருவருமாகக் கடன் கொடுத்தவரிடம் போங்கள். முழு அசலையும் கொடுக்கத் தயாராகவே பேச்சைத் தொடங்க வேண்டாம். 48,000 வட்டி போயிருக்கிறது என்ற கணக்கை மரியாதையாகச் சொல்லி 30,000-இல் ஆரம்பியுங்கள். மொத்தப் பணம் கண்முன் இருந்தால் பலர் இறங்கி வருவார்கள். ரூபாய் கைமாறும் அதே நிமிடத்தில் புரோநோட்டும் வெற்றுச் செக்கும் அடகுச் சீட்டும் திரும்ப வந்தாக வேண்டும். 'கடன் தீர்ந்தது' என்று தேதியோடு எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு அந்தத் தாயிடமே இருக்கட்டும். 'நோட்டு வீட்டில் இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன்' என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள். இந்த ஓர் இடத்தில் தவறுகிறவர்கள் இரண்டு வருடம் கழித்து அதே நோட்டின்மேல் வழக்கைச் சந்திக்கிறார்கள். மிரட்டல் வந்தால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்திலும், கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். கடன் கொடுத்தவர் உங்கள் சபை அங்கத்தினராகவே இருந்தால் சேகர குரு தனியாகப் போய்ப் பேசட்டும், நெகேமியா 5 அவர் கையில் இருக்கட்டும்.

அதே வாரத்தில் இ-சேவை மையத்துக்கும் அழைத்துப் போங்கள். ஆதரவற்ற விதவை உதவித்தொகை 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கணவரின் இறப்புச் சான்று, ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றில் பெயரும் எழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். 'மேரி' ஒன்றிலும் 'மரியம்மாள்' மற்றொன்றிலும் இருந்தால் மனு தள்ளுபடியாகலாம். ஞானஸ்நானப் பெயரும் வீட்டுப் பெயருமாக நம் மக்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்துவரும் மகள் இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தையும் சொல்லி வையுங்கள். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 கிடைக்கும். 2024-இல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. நம் திருமண்டலப் பள்ளிகள் பல அந்த வகையில் வருகின்றன.

90,000 ரூபாயில் இந்த ஆண்டு இரண்டு குடும்பங்கள்தான் முடியும். 62-இல் இரண்டா என்று கமிட்டியில் கேட்பார்கள். கேட்கட்டும். பத்துப் பேருக்கு ஒன்பதாயிரம் வீதம் பிரித்துக் கொடுத்தால் பத்துப் பேருடைய கடனும் தீராது. அடுத்த வருடம் கிறிஸ்துமஸ் பணம் 1,24,000-உம் இதே அளவு ஏலப் பணமும் சேர்ந்தால் 2,14,000. முதியோருக்கு 72,000, கடன் மாற்றத்துக்கு 1,30,000, சான்றிதழ், பயணம், திடீர் மருத்துவம் ஆகியவற்றுக்கு 12,000. அதோடு இவ்விரு குடும்பங்களின் தவணையும் திரும்பி வரும். ஐந்தில் ஒரு பங்கு திரும்பாது என்று வைத்தே கணக்குப் போடுங்கள். தவணை தவறினால் பத்து நாளுக்குள் வீட்டுக்குப் போய்க் காரணம் கேளுங்கள். நோயோ வேலையின்மையோ என்றால் தள்ளி வையுங்கள். வழியே இல்லையென்றால் மன்னித்து எழுதிவிடுங்கள், உபாகமம் 15 அதற்குத்தான். புதிய கடன் வாங்கியிருந்தால் மட்டும் உட்கார்ந்து பேச வேண்டும். கல்யாணம், சடங்கு, செல்போன் ஆகியவற்றுக்கு இந்த நிதியைத் திறக்காதீர்கள். ஒருமுறை திறந்தால் செல்வாக்குள்ளவர்களின் உறவினர்தான் வரிசையில் முதலில் நிற்பார்கள்.

நிதியை யார் கையில் கொடுப்பது என்பதற்கு அப்போஸ்தலர் 6 தெளிவான வழி காட்டுகிறது. பந்தி விசாரிப்பில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே பந்தியைக் கொடுத்தார்கள். உங்கள் நிதிக் குழுவில் ஐந்து பேர் என்றால் இருவராவது உப்பளத்துக் குடும்பங்களிலிருந்தும் கிளைச் சபையிலிருந்தும் வரட்டும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வருடக் கணக்கில் குடும்பங்களின் பெயர் வேண்டாம், வரிசை எண் போதும். காணிக்கைப் பணத்தை ஒருவராகக் கொண்டுபோகாமல் வேறு சகோதரரையும் பவுல் கூட்டிப் போனார், ஒருவரும் குற்றஞ்சாட்டாதபடிக்கு. உங்கள் ரசீதிலும் இரண்டு கையெழுத்து இருக்கட்டும். திருமண்டல விதிப்படி சேகர கமிட்டித் தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் ஊர்ப் பிள்ளைகள் பணம் அனுப்பினால், இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் வங்கி வழியாக அனுப்புவதை ஏற்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். அதை இந்தக் கணக்கில் கலக்காதீர்கள்.

இதெல்லாம் நம் சபைகளுக்குப் புதியதல்ல என்று பெரியவரிடம் சொல்லுங்கள். துன்புறுத்தப்பட்ட ஏழைக் கிறிஸ்தவர்களைக் குடியேற்ற நிலமும் வீடும் வாங்க மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830-இல், திருநெல்வேலியில் தர்ம சங்கம் தொடங்கப்பட்டது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச், ஏழை விவசாயிகளுக்குத் தேனீப் பெட்டி வைக்கக் கற்றுக்கொடுத்தார். மார்த்தாண்டம் தேன் இன்றும் கடைகளில் இருக்கிறது. நிலமும் தொழிலும் கொடுத்த முன்னோரின் சபைதான் இது.

அந்தத் தாயை ஆராதனைக்கு வரச் சொல்லி இப்போது வற்புறுத்த வேண்டாம். மேடையில் பெயர் வாசித்ததற்காகச் சேகரத்தின் சார்பில் யாராவது ஒருவர் அவர் வீட்டில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்குப் பொருத்தமானவர் மூத்த பெரியவரே. கடன் பேச்சை எடுக்காத அந்த முதல் சந்திப்புக்கு, பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒருவரோடு அவரையே அனுப்பி வையுங்கள்.